பாஸ் மீனுக்குக் கம்மி விலையில நல்ல ஹாலோ பாடி தவளை எது? 30 டாலருக்குள்ள சொல்லுங்க

ஃபிரிஸ்கோ_செந்தில்:

வணக்கம் மக்களே. டல்லாஸுக்கு வடக்க ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கேன். எங்க குடியிருப்புக்குப் பின்னாடி ஒரு குளம் இருக்கு, அப்புறம் சனி ஞாயிறுல ரே ராபர்ட்ஸ் லேக் ஸ்டேட் பார்க் கரைக்குப் போவோம், நானும் என் பையனும். படகு கிடையாது, கரையில நின்னு போடுறதுதான். லார்ஜ்மவுத் பாஸ்தான் குறி.

மார்ச் ஏப்ரல்ல பிளாஸ்டிக் புழுவும், தகடு சுத்துற ஸ்பின்னர்பெய்ட்டும் போட்டே நல்லா கிடைச்சுது. இப்ப வெயில் ஏறினதும் குளத்து ஓரம் பூரா பாசி மூடிடுச்சு, ஒரு மூலையில அல்லி இலையும் நெருக்கமா பரந்திருக்கு, எதைப் போட்டாலும் ரீல் ரெண்டு சுத்து சுத்துறதுக்குள்ள ஒரு கைப்பிடி பாசியைத்தான் இழுத்துட்டு வருது. ஆனா மீன் அந்தப் பாசிக்கு அடியிலதான் இருக்கு. பொழுது சாயுற நேரத்துல உள்ளருந்து டப் டப்புன்னு சத்தம் கேக்குது, திடீர்னு பாசி மேல பெரிய ஓட்டை விழுது, கண்ணு முன்னாடி நடக்குது, அங்க போடுறதுக்குத்தான் கையில ஒண்ணும் இல்ல.

இதுக்கு ஹாலோ பாடி தவளைதான், அதாவது உள்ள காத்து மட்டும் இருக்குற ரப்பர் தவளைதான் சரின்னு எல்லாரும் சொல்றாங்க. கடைக்குப் போய்ப் பார்த்தா 5 டாலர்ல ஆரம்பிச்சு 15, 20 டாலர் வரைக்கும் தொங்குது, பார்வைக்கு எல்லாமே ஒண்ணு போலத்தான் தெரியுது. ஆன்லைன்ல பார்த்தா அஞ்சு தவளை ஒரு பெட்டியில போட்டு 12, 13 டாலருக்கே தர்றான். என் பட்ஜெட் மொத்தமா 30 டாலர். அந்த அஞ்சு தவளைப் பெட்டியை வாங்கலாமா, இல்ல ஒண்ணு ரெண்டு நல்லதா வாங்கணுமா? கலர் எது? எங்கிட்ட இருக்கிறது மீடியம் ஸ்பின்னிங் ராடு, 3000 சைஸ் ரீல், 10 பவுண்ட் மோனோ (ஒத்தை இழை) நரம்பு. அதுலயே ஓட்டிடலாமா?

குளக்கரை_குமார்:

செந்தில், நல்ல நேரத்துல கேட்டீங்க, ஜூன்லருந்து அக்டோபர் வரைக்கும் தவளைக்கு ராஜயோகம்தான். நான் ஹியூஸ்டன் பக்கம், இங்கயும் இதே பாசிதான்.

விலையை ஒரு ஓரமா வச்சிட்டு முதல்ல தவளையைக் கையில எடுத்து அமுக்கிப் பாருங்க. அதுதான் மொத்த விஷயமும். ஹாலோ பாடின்னா உள்ள வெறும் காத்துதான், ரெட்டை முள் ஒண்ணு உடம்போட ரெண்டு பக்கமும் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும், அதனாலதான் பாசியில மாட்டாம வழுக்கிட்டு வருது. பாஸ் வாயில கவ்வி அமுக்கினதும் அந்த உடம்பு சப்பையாகணும், அப்பதான் முள்ளு ரெண்டும் வெளிய வந்து குத்தும். உடம்பு கெட்டியா இருந்தா மீன் கவ்வும், நீங்க இழுப்பீங்க, தவளை அப்படியே வாயிலருந்து உருவிட்டு வந்துடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சு லேசா அமுக்கினாலே நல்லா வெந்த இட்லி அமுங்குறாப்ல உள்ள போகணும், விட்டதும் பழைய ஷேப்புக்கு வரணும். பலம் கொடுத்து அமுக்க வேண்டியிருந்தா அதைத் தொங்கின இடத்துலயே மாட்டிட்டு வந்துடுங்க, விலை 5 ஆனாலும் 15 ஆனாலும் சரி.

அப்புறம் முள்ளு. பெட்டி தவளைகள்ல காசை மிச்சம் பிடிக்கிறது இங்கதான். மெல்லிசு கம்பியில முள் போட்டிருப்பான், பாசிக்குள்ளருந்து ஒரு 4 பவுண்ட் மீனை இழுக்கும்போது மீனோட எடை மட்டும் இல்ல, அது மேல சுத்தின பாசியோட எடையும் சேர்ந்து வருது, அந்த இழுப்புக்கு மெல்லிசு முள் நிமிர்ந்து போயிடும். தடிமனான கம்பியா, முனை நகத்துல வச்சு இழுத்தா வழுக்காம பிடிக்குதா, ரெண்டு முனையும் உடம்பு மேல சும்மா தொட்டாப்ல படுத்திருக்கா, இல்ல பிளாஸ்டிக்குக்குள்ள அழுந்திப் புதைஞ்சு கிடக்கான்னு பாருங்க. புதைஞ்சு கிடந்தா மீன் தப்பிக்கும், ரொம்பத் தூக்கிட்டு நின்னா பாசியை அள்ளும்.

மூணாவதா மூக்கு. நரம்பு கட்டுற வளையம் வெளிய வர்ற ஓட்டையில இடைவெளி தெரிஞ்சா அது வழியா தண்ணி உள்ள போகும். எந்தத் தவளையா இருந்தாலும் கொஞ்சம் தண்ணி போகத்தான் செய்யும், அப்பப்ப எடுத்து அமுக்கிப் பிழிஞ்சு விட்டா போதும், ஆனா பத்து தடவை போடுறதுக்குள்ள வால் பக்கம் மூழ்குதுன்னா அது வேலைக்கு ஆகாது. எடை எங்க இருக்குன்னும் கவனிங்க. நல்ல தவளையில ஈயம் பின்பக்கம் வயித்தை ஒட்டி இருக்கும், எப்படித் தூக்கிப் போட்டாலும் வயிறு கீழதான் விழும். மல்லாக்க விழுந்து கிடக்குற தவளையால ஒரு பிரயோஜனமும் இல்ல.

நீங்க கேட்ட விலைக்கு என் தேர்வு பூயா பேட் கிராஷர். ரெண்டரை இஞ்ச், 1/2 அவுன்ஸ், சுமாரா 6லருந்து 8 டாலருக்குள்ள கிடைக்கும். டப்பாவைப் பிரிச்ச உடனே போடலாம், உடம்பு மெத்துனு இருக்கும், முள்ளும் தைரியமா நம்பலாம். ஸ்கம் ஃப்ராக் அதைவிடவும் விலை கம்மி, உடம்பு ரொம்ப மென்மை, ஆனா எடை கம்மிங்கறதால கரையிலருந்து தூரமா வீச முடியாது, கிட்டக்க இருக்குற அல்லி இலைக்கு அது போதும். ஸ்ப்ரோ ப்ரான்ஸ்ஐ 10, 12 டாலர் ஆகும், டீன் ரோஹாஸ்ங்கற பாஸ் போட்டிக்காரர் வடிவமைச்சது, காமகட்சு முள் வருது, நடை பிரமாதம். ஆனா முதல் தவளைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. 15 டாலருக்கு மேல தொங்குறதுல பாதிக் காசு பெயிண்ட்டுக்குப் போகுது, பாசிக்கு அடியில இருந்து மேல பார்க்குற மீனுக்குத் தெரியிறது வயிறு மட்டும்தான், முதுகுல எத்தனை புள்ளி வரைஞ்சிருந்தா அதுக்கு என்ன.

அதனால அஞ்சு தவளைப் பெட்டி வேணாம். ரெண்டு நல்ல தவளை, மீதிக் காசுக்குப் பிரெய்டு (பல இழை பின்னின) நரம்பு. அந்த 10 பவுண்ட் மோனோவை வச்சு இந்த வேலையில இறங்காதீங்க.

ஏரிக்கரை_ராசா:

குமார் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, அந்தப் பெட்டி விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. பெட்டி தவளையிலயும் கை வேலை கொஞ்சம் பார்த்தா ஓடும். கெட்டியா இருந்தா கொதிக்க வச்சு இறக்கின தண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுங்க, பிளாஸ்டிக் இளகும், பெட்டியில நசுங்கிக் கோணிப் போனதும் நேராகும். முள்ளு ரெண்டையும் குறடு வச்சு ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் வெளிப்பக்கமா, கொஞ்சம் மேலாக்க விரிச்சு விடுங்க, அதுக்கு மேல வேணாம். காலு ரப்பர் இழை நீளமா இருக்கும், அதை அப்படியே விட்டா மீன் காலை மட்டும் கவ்விட்டு ஓடிடும், கத்தரிக்கோலால பாதியா வெட்டிடுங்க. ஒரு பக்கத்தை இன்னொண்ணைவிட அரை இஞ்ச் கம்மியா வெட்டினா வலமும் இடமுமா நல்லா ஆடும்.

சின்னப் பையனோட போறீங்க, அவன் மரத்துல வீசுவான், மின்கம்பியில வீசுவான், எட்டு டாலர் தவளை மரத்துல தொங்கினா மனசு கேக்குமா? பையனுக்குப் பெட்டி தவளை, உங்களுக்கு நல்லது, அதுதான் என் யோசனை.

குளக்கரை_குமார்:

ராசா, காலை வெட்டுறதும் முள்ளை விரிக்கிறதும் நானும் செய்யறதுதான், நல்ல தவளைக்கும் அது தேவை. ஆனா முள்ளு இரும்பே மட்டமா இருந்தா வெந்நீர்ல போட்டு அதைச் சரி பண்ண முடியாதே. வாய்ல மாட்டின மீனு முள் நிமிர்ந்து தப்பிச்சுப் போறதை ஒரு ஒன்பது வயசுப் பையன் பார்த்தா அவன் ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டான். பையனுக்குத்தான் நல்ல முள்ளு வேணும்ங்கறது என் வாதம். பழகுறதுக்கு வேணும்னா புல்தரையில முள்ளு முனையை வெட்டிட்டு வீசிப் பழகட்டும், இலக்குக்கு ஒரு வாளியை வைங்க.

ஃபிரிஸ்கோ_செந்தில்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு கடைக்குப் போய் ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்தேன், வித்தியாசம் கையிலயே தெரியுது, 14 டாலர் போட்டிருந்த ஒண்ணு கல்லு கணக்கா இருந்துச்சு. பேட் கிராஷர்ல ரெண்டு சைஸ் இருக்கு, பெருசு 1/2 அவுன்ஸ், ஜூனியர்னு 1/4 அவுன்ஸ். என் ராடுக்கு எது? பிரெய்டுன்னா எத்தனை பவுண்ட்? இன்னொண்ணு, பக்கத்துல ஒரு பெரியவர் தவளை போட்டுட்டு இருந்தாரு, நல்லா அடிக்குது, ஆனா மூணுக்கு ஒண்ணுதான் மாட்டுது. அது ஏன்?

ஆஸ்டின்_மீனா:

செந்தில் அண்ணா, கடைசிக் கேள்விக்கு முதல்ல வர்றேன், ஏன்னா தவளை வாங்கி ரெண்டே வாரத்துல தூக்கி மூலையில போடுறவங்க எல்லாரும் இதுலதான் வெறுத்துப் போறாங்க.

தவளையில அடி விழறது கண்ணுக்கு நேரா தெரியும், தண்ணி எகிறும், பாசி கிழியும், பார்த்த அதிர்ச்சியில கை தானா ராடை மேல தூக்கிடும். அப்ப மீன் தவளையை இன்னும் சரியா வாய்க்குள்ள வாங்கியே இருக்காது. பாசி மேல இருக்குறதை அது பாசியோட சேர்த்துத்தான் அடிக்குது, குறி தப்புறதும் உண்டு. அதனால அடி விழுந்ததும் கண்ணை நம்பாதீங்க, கையை நம்புங்க. தவளை கண்ணுலருந்து மறைஞ்சிருக்கணும், நரம்பு ஒரு பக்கமா நகரணும், ரீலைச் சுத்தித் தொய்வை எடுக்கும்போது எடை கையில தெரியணும். தெரிஞ்ச அந்த நொடியில முழு பலத்தோட இழுத்து அடிங்க. மணிக்கட்டால இல்ல, தோளும் முதுகும் சேர்ந்து. அப்புறம் நிறுத்தவே கூடாது, சுத்திக்கிட்டே இருக்கணும், மீனோட தலையைப் பாசிக்கு மேல கொண்டு வந்துட்டா அது பாசி மேலயே சறுக்கிட்டு வந்துடும், தலையைக் கீழ இறக்க விட்டா தண்டைச் சுத்தி முடிச்சுப் போட்டுடும்.

தப்பிச்சுதுன்னா தவளையை வெளிய எடுத்துடாதீங்க. அந்த ஓட்டையிலயே அப்படியே விட்டு லேசா அதிர வைங்க, திரும்ப வந்து அடிக்கிறது சகஜம். இல்லன்னா பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் புழுவை வெயிட் போட்டு ரெடியா இன்னொரு ராடுல வச்சிருந்து அந்த ஓட்டைக்குள்ள இறக்கலாம், உங்க பையன் கையில அதைக் கொடுங்க, பாதி நேரம் மீன் அவனுக்குத்தான்.

நரம்பு விஷயம். மோனோ இழுபடும், தூரத்துல முள்ளு குத்துறதுக்குத் தேவையான விசை போய்ச் சேராது, அதோட பாசித் தண்டுல உரசினா வெட்டிட்டும் போகாது. பிரெய்டு இழுபடாது, மிதக்கும், தண்டை அறுத்துக்கிட்டு வரும். பெய்ட்காஸ்டர் ரீலும் 7 அடி ஹெவி ராடும் வச்சிருக்குறவங்க 50லருந்து 65 பவுண்ட் போடுவாங்க. உங்க ஸ்பின்னிங் செட்டுக்கு 30 பவுண்ட் போதும், அதுவே மெல்லிசா இருக்கும், தூரமும் போகும். 150 கஜம் ஸ்பூல் 12லருந்து 18 டாலருக்குள்ள வந்துடும். ஸ்பூலுக்கு அடியில உங்க பழைய மோனோவைக் கொஞ்சம் சுத்தி அது மேல பிரெய்டைக் கட்டுங்க, இல்லன்னா வழுவழுன்னு ஸ்பூல் மேல பிரெய்டு மொத்தமா வழுக்கிச் சுத்தும், ரீலோட பிரேக்கான டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது. இப்படிப் பண்ணா நரம்பும் பாதிதான் செலவாகும். முடிச்சு பாலோமர். நடுவுல லீடர்னு தனி நரம்புத் துண்டு எதுவும் வேணாம், நேரா தவளையிலயே கட்டுங்க.

மீடியம் ராடு வளைஞ்சு கொடுக்கும், பெரிய தவளையோட தடிமுள்ளை அதால குத்த முடியாது. அதனால உங்களுக்கு ஜூனியர் சைஸ்தான். குளத்து மீனுக்கு அது இன்னும் பொருத்தம், ரெண்டு பவுண்ட் மீனும் முழுசா வாய்க்குள்ள வாங்கிடும். நெருக்கமா மூடின அடர்த்தியான பாசிக்கு மட்டும் அது எடை பத்தாது, பாசி மேல ஒரு அசைவும் ஏற்படுத்தாம சறுக்கிட்டுப் போகும். அந்த மாதிரி இடத்துக்குப் பின்னால ஒரு ஹெவி ராடு வாங்கும்போது பெரிய சைஸ் எடுத்துக்கலாம்.

எங்க போடுறதுன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னீங்களே டப் டப்புன்னு சத்தம், அது பெரும்பாலும் புளூகில் மீனு, பாசிக்கு அடியில ஒட்டியிருக்குற பூச்சியைக் கொத்துற சத்தம். புளூகில் இருக்குற இடத்துல அதைத் திங்க பாஸ் இருக்கும். சத்தமே இல்லாத பாசிப் பரப்புல வீசி நேரத்தைக் கழிக்காதீங்க, ரெண்டு நிமிஷம் சும்மா நின்னு காது கொடுத்துக் கேட்டுட்டு அப்புறம் வீசுங்க. பாசி ஓரம், பாசிக்குள்ள இருக்குற ஓட்டை, அல்லி இலையும் கோரையும் சந்திக்கிற இடம், மரக்கிளை தண்ணியில படிஞ்ச நிழல், இதெல்லாம்தான் இடம். குறி வச்ச இடத்தைத் தாண்டி நாலஞ்சு அடி தள்ளிப் போட்டு இழுத்துட்டு வந்து ஓட்டையில நிறுத்துங்க. நிறுத்துறதுதான் முக்கியம். பாதி அடி தவளை சும்மா நிக்கும்போதுதான் விழுது.

நடக்க வைக்கிறதுக்கு ராடு நுனியைத் தண்ணிப் பக்கமாத் தாழ்த்தி, சின்னதா ஒரு சுண்டு, உடனே நரம்பைத் தொய்ய விடணும், திரும்பச் சுண்டு. நரம்பு இறுக்கமாவே இருந்தா தவளை நேரா வரும், தொய்வு இருந்தாத்தான் தலையைத் திருப்பும்.

கலர்ல அதிகம் யோசிக்காதீங்க. ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை வயிறு. விடிகாலை, சாயங்காலம், மேகமூட்டம், அடர்ந்த பாசின்னா கருப்பு, ஏன்னா கீழருந்து வானத்தைப் பார்க்குற மீனுக்குக் கருப்பு உருவம்தான் பளிச்சுனு தெரியும். வெயில் அடிக்கிற நேரம், பாசி இல்லாத ஓட்டைகள்ல வெள்ளை. வயித்துல மஞ்சளோ ஆரஞ்சோ வேணும்னா அழியாத மார்க்கர் வாங்கித் தீட்டிக்குங்க, அதுக்குன்னு தனியா ஒரு தவளை வாங்க வேண்டியதில்லை.

தஞ்சை_விராலு:

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கம், இங்க பாஸ் கிடையாது, ஆனா இந்தத் தவளையை வச்சுத்தான் விரால் பிடிக்கிறோம், அதனால உள்ள வந்துட்டேன். முன்னாடி எல்லாம் உசுரு தவளையை முள்ளுல கோத்துத்தான் எங்க தாத்தா காலத்துலருந்து போடுவாங்க, இப்ப பசங்க பாதிப் பேரு ரப்பர் தவளைக்கு வந்துட்டாங்க. ஆகாயத்தாமரையும் அல்லியும் மூடின குட்டையில வேற எதுவும் போக முடியாது.

மீனா அக்கா சொன்ன பொறுமை விராலுக்கு இன்னும் ஒரு படி மேல வேணும். விரால் வாய் எலும்பா இருக்கும், பல்லும் உண்டு, கெட்டி ரப்பரா இருந்தா முள்ளு ஏறவே ஏறாது. அதனால குமார் அண்ணன் சொன்ன அமுக்கிப் பார்க்குற சோதனையை நாங்களும் கடையில பண்ணுவோம். இங்க 150 ரூபாயிலருந்து 400 ரூபாய்க்குள்ள நல்லதே கிடைக்குது. சைஸ் சின்னது, 4லருந்து 5 சென்டிமீட்டர். பின்னாடி ரப்பர் இழைக்குப் பதிலா சின்னதா ஒரு தகடு சுத்துற மாடல் இருக்கு, ஜம்ப் ஃப்ராக்னு சொல்வாங்க, தாய்லாந்து மலேசியாப் பக்கம் ரொம்பப் பிரபலம், அங்கருந்துதான் இங்க வந்துச்சு. இழைக்காலை விரால் கடிச்சுப் பிய்ச்சிடும், தகடுக்கு அந்தத் தொல்லை இல்ல. திறந்த தண்ணியில நேரா சுத்தி இழுத்தாலே அடிக்கும். அல்லி இலை மேல மட்டும் தகடு மாட்டும், அங்க காலு வச்சதுதான்.

உடம்பு கிழிஞ்சா தூக்கிப் போடாதீங்கண்ணே. நல்லா காய வச்சு, காஞ்சதுக்கப்புறமும் வளைஞ்சு கொடுக்குற பசை இருக்கு பாருங்க, ஷூ ஒட்டுறது, அதைத் தடவி ஒரு ராத்திரி விட்டா திரும்ப ஓடும். உடனே ஒட்டுற பசை காஞ்சதும் கெட்டியாகி அமுக்கும்போது விரிஞ்சிடும், அது வேணாம்.

ஒரு வேண்டுகோள், விரால் பிடிக்கிற தம்பிங்க யாராச்சும் படிச்சா. செவப்பா குஞ்சுக் கூட்டம் மேல வந்து வந்து போகுதே, அதுக்குக் கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அந்தக் கூட்டத்து மேல தவளையைப் போட்டா கண்டிப்பா அடிக்கும், பசிக்காக இல்ல, குஞ்சைக் காப்பாத்துறதுக்காக. அதைப் பிடிச்சுட்டா அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கு இரைதான். தயவுசெஞ்சு அந்த இடத்தை விட்டுட்டுத் தள்ளிப் போடுங்க.

பொட்டோமாக்_பாலா:

தஞ்சைத் தம்பி, உங்க விராலோட வடக்குத்திச் சொந்தம் எங்க ஊர்லயே இருக்கு. நான் மேரிலாந்து. 2002ல இங்க கிராஃப்டன்ங்கற ஊர்ல ஒரு குளத்துல நார்தர்ன் ஸ்னேக்ஹெட் கண்டுபிடிச்சு பெரிய செய்தியாச்சு, 2004ல பொட்டோமாக் ஆத்துலயும் தட்டுப்பட்டுச்சு, இப்ப அந்த ஆத்துல அது நிரந்தரக் குடி. அதுக்கும் நாங்க போடுறது இதே ஹாலோ பாடி தவளைதான், பாஸுக்கு வீசுற அதே தவளையில ரெண்டும் வரும்.

இங்க நிலைமை தலைகீழ், இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத மீனுங்கறதால பிடிச்சா திரும்ப விடாதீங்கன்னுதான் அரசாங்கமே சொல்லுது. உசுரோட கொண்டு போறது குற்றம், பிடிச்ச இடத்துலயே கொன்னுடணும். கொன்னு வீட்டுக்குக் கொண்டு வந்தா விரால் குழம்புதான், வாசனை தெரு முழுக்கப் போகும்.

தவளை விஷயத்துல ஒரே ஒரு கூடுதல் தகவல். ஸ்னேக்ஹெட் பல்லு பட்டதும் மெல்லிசு தவளை சீக்கிரம் ஓட்டையாகிடும், அதனால ஸ்னேக்ஹெட்டுக்கு மட்டும் நான் அடிபட்ட பழைய தவளையா எடுத்துட்டுப் போவேன். செந்திலுக்கு டெக்ஸாஸ்ல அந்தக் கவலை இல்ல, பாஸுக்கு இருக்குற பல்லு உப்புத்தாள் சொரசொரப்புதான், ஒரு தவளை ஒரு சீசன் பூரா தாராளமா வரும்.

குளக்கரை_குமார்:

பாலா, அருமை. செந்தில், புதுசா போறதால டெக்ஸாஸ் விதிமுறை ரெண்டு சொல்லிடறேன். ஸ்டேட் பார்க் எல்லைக்குள்ள கரையில நின்னு பிடிக்கிறதுக்கு லைசென்ஸ் தேவையில்லை, நீங்க ரே ராபர்ட்ஸ் பார்க்குல போடுறதுக்குப் பிரச்சினை இல்ல. வெளிய பொதுத் தண்ணியில 17 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா லைசென்ஸ் வேணும், சாதாரண வருஷ லைசென்ஸ் எப்ப வாங்கினாலும் ஆகஸ்ட் 31ஓட முடியும், அதனால ஆகஸ்ட்ல போய் வாங்காதீங்க, செப்டம்பர் வரைக்கும் பொறுங்க. லார்ஜ்மவுத் பொதுவா 14 இஞ்சுக்குக் குறைவா இருந்தா வச்சுக்கக் கூடாது, ஒரு நாளைக்கு அஞ்சு. லேக் ஃபோர்க் போனீங்கன்னா அங்க தனிக் கணக்கு, 16லருந்து 24 இஞ்சுக்குள்ள இருக்குற மீன் எல்லாத்தையும் விட்டுடணும், 24க்கு மேல ஒண்ணே ஒண்ணு வச்சுக்கலாம். டெக்ஸாஸோட சாதனை பாஸ் 18.18 பவுண்ட், 1992 ஜனவரியில அந்த ஏரியிலதான் வந்துச்சு. நான் எந்த அளவு வந்தாலும் விட்டுடறேன், குளத்து மீனை மட்டும் நீங்களும் விட்டுடுங்க, சின்னக் குளத்துல நாலு பெரிய மீனை எடுத்துட்டா அந்தக் குளம் பழைய நிலைக்கு வர வருஷக் கணக்காகும்.

பையனோட போறதால இதையும் சொல்லணும். பாசியும் கோரையும் இருக்குற கரையில காட்டன்மவுத் பாம்பு இருக்கும், தடிமனா, கருப்பா, ஒதுங்கிப் போகாம வாயைத் திறந்து வெள்ளையாக் காட்டிக்கிட்டு நிக்கும். விஷம். தவளையை இலை ஓரம் தட்டிக்கிட்டே வர்றப்ப தண்ணிப் பாம்பும் பின்னால வர்றது உண்டு. புல்லுக்குள்ள காலை வைக்கிறதுக்கு முன்னாடி குச்சியால தட்டிட்டு வைக்கச் சொல்லுங்க, செருப்பு வேணாம், பூட்ஸ் போட்டு விடுங்க. ரெண்டு முள்ளும் மேல பார்த்திருக்கிறதால மீன் வாயிலருந்து கழட்டும்போது மீனு துள்ளினா நேரா கையில ஏறும், அதனால குறடு இல்லாமப் போகாதீங்க.

ஃபிரிஸ்கோ_செந்தில்:

வாங்கியாச்சு. பேட் கிராஷர் ஜூனியர் ரெண்டு, கருப்பு ஒண்ணு, வெள்ளை வயிறு ஒண்ணு, 30 பவுண்ட் பிரெய்டு ஒரு ஸ்பூல். வரியோட சேர்த்து 31 டாலர் சில்லறை. காலை அரை இஞ்ச் ஏத்த இறக்கமா வெட்டியாச்சு, முள்ளைத் தொடல, முதல்ல அப்படியே போட்டுப் பார்க்குறேன். பையன் சாயந்திரத்துலருந்து புல்தரையில வாளிக்குக் குறி பார்த்து வீசிட்டு இருக்கான், ராசா அண்ணே, அவன் இதுவரைக்கும் மரத்துல போடல. இப்ப இந்தத் தவளையை எல்லாம் எதுல வைக்கிறது? என் பெட்டியில பிளாஸ்டிக் புழு எல்லாம் கலந்து கிடக்குது, அதுலயே போடலாமா?

ஆஸ்டின்_மீனா:

போடவே போடாதீங்க அண்ணா. அந்தப் புழுவுல இருக்குற எண்ணெய்ப் பசை பட்டு ரப்பர் காலும் பெயிண்ட்டும் பிசுபிசுத்து ஒட்டிக்கும், ஒரே வாரத்துல பிரிக்க முடியாது. தனியா ஒரு சின்ன டப்பா, அதுவும் உயரம் இருக்குறதா, தவளை நசுங்காம உக்காரணும். குளத்துலருந்து வந்ததும் பிழிஞ்சு தண்ணியை எடுத்துட்டு, மூக்கு கீழ பார்க்க ஒரு ராத்திரி தொங்க விட்டுட்டு அப்புறம் டப்பாவுல போடுங்க. உள்ள தண்ணி நின்னா முதல்ல துருப்பிடிக்கிறது வெளிய தெரியிற முள்ளு இல்ல, உடம்புக்குள்ள மறைஞ்சிருக்குற தண்டுதான்.